மூடி வைத்த தட்டு

தோல் உரித்து, இரண்டாகப் பிளந்துவிடாமல் பதனமாக எடுத்த ஒரே ஒரு மல்லாட்டைப் பருப்பை அப்பா உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். "இது யார் வாயில வருதோ, அவங்களுக்குத்தான் பரிசு." சொல்லிவிட்டு, கொதித்து அடங்கிய பால்கஞ்சிக்குள் அதைப் போட்டுக் கரண்டியால் நாலு சுற்றுச் சுற்றுவார். எந்தப் பக்கம் போனது என்று தனக்கே தெரியக்கூடாது என்பதற்காக அப்போது கண்ணை மூடிக்கொள்வார். 1960களின் கடைசியில், திருக்கோவிலூர் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரியில், சிஸ்டர்கள் தங்கியிருந்த பங்களாவின் குசினியில் டிசம்பர் 24ஆம் தேதி மாலை இப்படித்தான் தொடங்கும். அப்பா அந்தக் குசினியில் சமையல்காரர். அம்மாவுக்கு வார்டில் வேலை. எனக்கு அந்த வளாகம்தான் ஊர்.

டென்மார்க்கில் அந்தக் கஞ்சிக்குள் போடுவது பாதாம்பருப்பு. கிடைத்தவர் உடனே சொல்லிவிடக்கூடாது, கன்னத்துக்குள் அதக்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மற்றவர்கள் தேடித் தேடிப் பானையைக் காலி செய்த பிறகுதான் எடுத்துக் காட்ட வேண்டும். திருக்கோவிலூர் சந்தையில் பாதாமுக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்து மானாவாரி நிலமெல்லாம் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைதான். பெரிய சிஸ்டர் இந்த ஊருக்கு வந்த முதல் வருஷமே பாதாமை விட்டுவிட்டு மல்லாட்டைக்கு மாறிவிட்டார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அந்தக் கஞ்சியில் வெல்லம் கிடையாது, ஏலக்காய் கிடையாது. பச்சரிசியும் பாலும் உப்பும்தான். மேலே கொஞ்சம் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, நடுவில் ஒரு கட்டி வெண்ணெய் வைப்பார்கள். பொங்கலாகவும் இல்லாமல் பாயசமாகவும் இல்லாமல் அது என்ன பண்டம் என்று வளாகத்துப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். நாங்கள் பிள்ளைகள் மூன்று கிண்ணம் சாப்பிடுவோம்.

தரங்கம்பாடியில் 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்கு டென்மார்க் அரசர் அனுப்பியவர் என்பதை எல்லோரும் படித்திருப்பார்கள். எங்கள் டேனிஷ் மிஷன் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது. 1860களில் மேல்பட்டாம்பாக்கத்தில் வேர் பிடித்து, தென்னார்க்காட்டிலும் திருவண்ணாமலைப் பக்கமும் பள்ளிக்கூடமும் விடுதியும் மருத்துவமனையுமாகப் பரவியது. இன்று ஏ.எல்.சி. என்று நாங்கள் சொல்லும் ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதிலிருந்து வந்ததுதான். திருக்கோவிலூர் அப்போது தென்னார்க்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் ஆனது. 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி. நான் அங்கேயே நின்றிருந்தாலும் மூன்று மாவட்டங்களைப் பார்த்திருப்பேன். ஆனால் நான் நிற்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய சிஸ்டருக்கு வீடு ஏழு கடல் தாண்டி. அவர் ஊரில் டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்று சொல்லியிருக்கிறார். அந்த இருட்டுக்காகத்தான் அத்தனை மெழுகுவத்திகள். எங்கள் ஊரில் அது மார்கழி. விடியற்காலையில் தென்பெண்ணையிலிருந்து பனி ஏறி வரும். உலகளந்த பெருமாள் கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். சிஸ்டர் நைட் ரவுண்ட்ஸ் முடித்து வந்து பங்களாப் படியில் நின்று அதைக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். அவர் கண் கலங்கியிருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டேன். பனி என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது வயதில் வேறெதை நினைக்க முடியும்?

டிசம்பர் முதல் வாரத்தில் அவருக்கு டென்மார்க்கிலிருந்து தடித்த உறைகள் வரத் தொடங்கும். தபால்தலைக்குப் பக்கத்தில் இன்னொரு வண்ண வில்லை ஒட்டியிருக்கும். அதற்காகவே உறையைக் கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டி வைப்பேன். அது காசு கொடுத்து வாங்கும் வில்லை, ஆனால் தபாலுக்குச் செல்லாது. டென்மார்க்கில் ஐனார் ஹோல்பெல் என்கிற தபால் ஊழியர், கிறிஸ்துமஸ் வாழ்த்து மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது யோசித்தாராம். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு சிறு காசு கூடக் கிடைத்தால் காசநோய்ப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டலாமே என்று. 1904இல் முதல் வில்லை வந்தது. உலகத்திலேயே அதுதான் முதல். அதே நாட்டிலிருந்து வந்த டாக்டர் ஃப்ரிமோட் மோல்லர் மதனப்பள்ளிக்குப் பக்கத்து ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனைக்கு முதல் தலைவராக இருந்தார். 1950இலிருந்து நம் நாட்டிலும் காந்தி ஜெயந்தியன்று டி.பி. சீல் விற்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் தாள் தாளாக விற்றிருக்கிறோம். சீல் விற்ற என் வயதுக்காரர்கள் யாருக்கும் அது ஒரு தபால் ஊழியரின் கிறிஸ்துமஸ் யோசனை என்பது தெரியாது. எனக்கு மட்டும் தெரியும் என்கிற சந்தோஷம் அப்போது பெரிதாக இருந்தது.

அலங்காரத்துக்குக் கடையில் வாங்குவதெல்லாம் இல்லை. சிவப்புத் தாள் ஒன்றையும் வெள்ளைத் தாள் ஒன்றையும் மடித்து, கீற்றுக் கீற்றாக நறுக்கி, ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துப் பின்னினால் ஒரு இதயம் வரும். அதற்கு ஒரு கைப்பிடியும் உண்டு. விரித்தால் சின்னப் பை. அதற்குள் திராட்சையும் மல்லாட்டையும் போட்டு மரத்தில் தொங்கவிடுவார்கள். டென்மார்க் கொடியின் நிறம் சிவப்பும் வெள்ளையும். கதைகள் எழுதிய ஆண்டர்சன் செய்த தாள் இதயம் ஒன்று 1860இலிருந்து இன்னும் இருக்கிறதாம். எனக்கு அந்தப் பின்னல் வரவேயில்லை. அப்பாவின் அம்மா, எங்கள் ஆயா, அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பனையோலையில் கொட்டானும் முறமும் முடைந்த கை அது. "இது நம்ம ஓலப்பெட்டி முடையறதுதான்டி. மூலைய மட்டும் மழிச்சி உட்டுருக்காங்க." சொல்லி முடிப்பதற்குள் குருத்தோலையில் ஒன்று முடைந்துவிட்டார். அந்த வருஷம் மரத்தில் பாதி தாள் இதயம், பாதி ஓலை இதயம். சிஸ்டர் ஓலை இதயம் ஒன்றை உறையில் வைத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினார்.

மரம் என்றால் சவுக்குதான். கூடத்தின் நடுவில் மண் நிரப்பிய தொட்டியில் நிற்கும். கிளை நுனிகளில் உண்மையான மெழுகுவத்திகள். ஓரத்தில் வாட்ச்மேன் வாளித் தண்ணீரும் நனைத்த சாக்குமாக நிற்பார். பிறகு எல்லோரும் கை கோத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்து பாட வேண்டும். டென்மார்க் வழக்கம் அதுதான்.

கை கோப்பது பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்த வளையத்தில் டாக்டர் இருப்பார், கம்பவுண்டர் இருப்பார், நர்ஸ் மாணவிகள் இருப்பார்கள், கக்கூஸ் கழுவுகிறவர் இருப்பார், எங்கள் அம்மா இருப்பார். ஊருக்குள் எந்தத் தெருவில் யார் செருப்புப் போட்டு நடக்கலாம் என்று கணக்கு இருந்த காலம். எங்கள் சேரிப் பிள்ளைகளுக்கு டீக்கடையில் தனி கிளாஸ். அந்தக் கூடத்துக்குள் மட்டும், வருஷத்தில் ஒரு சாயங்காலம், யாருடைய கை யாருக்குப் பக்கத்தில் வருகிறதோ அதைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். சில கைகள் தயங்கியதைப் பார்த்திருக்கிறேன். விரல் நுனியை மட்டும் கொடுத்த கையும் உண்டு. அடுத்த வருஷம் அதே கை இன்னும் கொஞ்சம் இறங்கி வரும். வெளியே வந்ததும் பழையபடி அவரவர் தெருவுக்குப் பிரிந்து போய்விடுவோம். அந்த ஒரு மணி நேரம் ஊரை மாற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா தன் உள்ளங்கையை நீட்டியபடி நின்றது எனக்குள் எதையோ நிமிர்த்தி வைத்தது. அது இன்னும் வளையவில்லை.

1969ஆம் வருஷம் அந்த வளையம் பாதியில் அறுந்தது. கல்வராயன் மலையிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்திருந்தார்கள். மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூளியாக்கி, இரவெல்லாம் மலை இறங்கி, அடிவாரத்தில் கரும்பு லாரி பிடித்து, சங்கராபுரம் வழியாக வந்து சேர்ந்திருந்தார்கள். தேன் எடுக்கப் போன இடத்தில் கரடி. முகத்தில் ஒரு பக்கம் இல்லை. டாக்டர் பிடித்திருந்த இரண்டு கைகளையும் விட்டார். பெரிய சிஸ்டரும் விட்டார். அவர்கள் போன இடத்தில் இடைவெளி விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் எட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு நிற்கவில்லை.

அன்று யார் கிண்ணத்திலும் மல்லாட்டை வரவில்லை. டாக்டருக்கும் சிஸ்டருக்கும் இரண்டு கிண்ணம் எடுத்து அப்பா தட்டுப் போட்டு மூடி வைத்தார். மிச்சப் பானையை வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். தூளி தூக்கி வந்த ஆண்கள் சுவரோரமாகக் குந்தியிருந்தார்கள். அடிபட்டவரின் மனைவி ஒரு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமைக் கஞ்சி குடித்துப் பழகியவர்கள் அவர்கள். பால்கஞ்சியை ஒரு வார்த்தை கேட்காமல் குடித்தார்கள். அந்த அம்மா ஒரு வாய் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, வாயில் நெருடியதை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். கல்லோ என்று பயந்திருக்கிறார்.

விடியும் நேரம் சிஸ்டர் தியேட்டரிலிருந்து வந்தார். உயிர் தங்கிவிட்டது, ஒரு கண் தங்கவில்லை. அப்பா மல்லாட்டை விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்ப் பரிசை எடுத்து வந்தார். அந்த வருஷப் பரிசு ஒரு கம்பளிச் சால்வை. அந்த அம்மா தொடவில்லை. எங்கள் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

"இத்த வாங்கினா எத்தினி நாளு வேல செய்யணும்?"

சிஸ்டருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. கல்வராயன் மலை அப்போது மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று வழிவழியாக வந்த மூன்று ஜாகீர்கள். நாடு சுதந்திரம் அடைந்து 22 வருஷம் ஆகியும் மலைவாசிகள் ஜாகீருக்கு வரி கட்டினார்கள், கூலி இல்லாமல் உழைத்தார்கள். 1976இல்தான் அரசு அந்த ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. எதையும் சும்மா வாங்கியிராத ஒரு பெண்ணிடம் பரிசு என்ற சொல்லுக்கு எப்படி அர்த்தம் சொல்வது? சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. சால்வையை எடுத்து, மடியில் தூங்கிய பிள்ளையின் மேல் போர்த்திவிட்டு, மூடி வைத்த கிண்ணத்தை எடுத்து அந்த வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்து ஆறிப்போன கஞ்சியைச் சாப்பிட்டார். தை பிறந்த பிறகு அந்தக் குடும்பம் ஒரு பாட்டில் தேனும் ஒரு மூட்டை சாமையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது.

நான் நர்ஸ் ஆனது அந்த இரவினால்தான்.

வேலூரில் படித்தேன். 1988இல் பஹ்ரைனுக்குப் போனேன். மனாமாவில் அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரி. வேலூரில் ஐடா ஸ்கடர் எந்தச் சபையிலிருந்து வந்தாரோ, அதே அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆட்கள் அரேபியாவுக்கும் போய் 1903இல் தொடங்கியது அது. டேனிஷ் மிஷன் பிள்ளையாக இருந்தவள் இப்போது இன்னொரு மிஷன் ஆஸ்பத்திரியில், இன்னொரு நாட்டில், வெளியூர்க்காரியாக.

அங்கே கிறிஸ்துமஸுக்கு அரசு விடுமுறை கிடையாது. டிசம்பர் 16 அவர்களுடைய தேசிய நாள். தெருவெல்லாம் விளக்குக் கட்டுவார்கள். அவர்கள் கொடியும் சிவப்பு வெள்ளைதான். 24ஆம் தேதி நைட் டியூட்டிக்குப் போகும்போது அந்த விளக்குகள் இன்னும் அவிழ்க்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தன. சிவப்பும் வெள்ளையுமாக அந்தத் தெரு முழுவதும் சிஸ்டர் பின்னிய தாள் போலவே தெரிந்தது. நடக்க முடியாமல் ஒரு கடை வாசலில் நின்றுவிட்டேன். திருக்கோவிலூர் பங்களாப் படியில் அவர் கண்ணில் இருந்தது பனி இல்லை என்று எனக்குத் தெரிந்த இடம் அதுதான். அப்போது எனக்கு 28 வயது.

1990 கிறிஸ்துமஸை மட்டும் மறக்க முடியாது. ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்த இந்தியர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் கொண்டுபோய் ஊர் சேர்த்தார்கள். என்னோடு படித்த ஒருத்தி உடுத்திய துணியோடு சென்னையில் இறங்கினாள். ஜனவரியில் சண்டை வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் விடுதியில் ஓர் அறையின் சன்னல் இடுக்குகளுக்கு டேப் ஒட்டி, தண்ணீர் கேன் வைத்திருந்தோம். அம்மாவின் ஏரோகிராம் ஒவ்வொன்றும் ஒரே வரியில் முடியும்: வந்துடு கண்ணு. நான் போகவில்லை. போன நர்ஸ்களின் டியூட்டியும் எங்கள் தலையில் இருந்தது. நோயாளிகளை விட்டுவிட்டுப் போக மனமும் வரவில்லை.

அன்று இரவு என் வார்டில் சர்க்கரை நோயால் கால் விரல் எடுக்கப்பட்ட ஒரு பாட்டி இருந்தார். கர்பாபாத்காரர். அந்த ஊர்ப் பெண்கள் பேரீச்ச ஓலையில் கூடை முடைவதில் பேர் போனவர்கள். வயதான பெண்களை அங்கே நாங்கள் ஹஜ்ஜியா என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். மருந்து கொடுக்கும்போது அவர் என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, ஏன் அழுதாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் அரபியில், இன்று எங்களுக்குப் பண்டிகை, அம்மா தூரத்தில் என்றேன். அவர் கட்டிலுக்கு அடியில் ஓலைக் கட்டு ஒன்று இருந்தது. படுத்துக்கொண்டே முடைந்துகொண்டிருப்பார். நாலு ஓலை கேட்டு வாங்கினேன். மேசை விளக்கில் உட்கார்ந்து இதயம் ஒன்றை முடைய ஆரம்பித்தேன். பாதியில் எப்போதும் போலத் தப்பாகிவிட்டது. அவர் கையை நீட்டி வாங்கி, பிரித்து, ஒரு நொடி உற்றுப் பார்த்தார். எங்கள் ஆயா பார்த்த அதே பார்வை. முடித்துக் கொடுத்துவிட்டு, "ஈத் முபாரக்" என்றார். அவருக்குத் தெரிந்த பண்டிகை வாழ்த்து அது. அந்த வருஷம் எனக்குக் கிடைத்த முதல் வாழ்த்தும் அதுவே.

காலையில் விடுதியில் மலையாளி, பிலிப்பைன்ஸ், எகிப்து நர்ஸ்கள் எல்லோருக்கும் நான் பால்கஞ்சி வைத்தேன். மனாமா சூக்கில் பாதாம் குவியல் குவியலாகக் கிடைக்கும். கேட்டு அலைந்து மல்லாட்டைதான் வாங்கிப் போட்டேன்.

இப்போது கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். திருக்கோவிலூர் வளாகத்தில் என் காலத்து டேனிஷ்காரர்கள் எப்போதோ ஊர் திரும்பிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் அங்கே கல்லறைத் தோட்டத்தில். நவம்பர் பிறந்ததும் கடைவீதியில் எல்.இ.டி. நட்சத்திரங்கள் தொங்குகின்றன. மூங்கில் சிம்பில் கலர்த்தாள் ஒட்டி, உள்ளே அகல் வைத்து, காற்றடித்துப் பற்றிக்கொண்ட எங்கள் நட்சத்திரங்களைவிட அவை நிச்சயம் அழகானவை. பேக்கரியில் பிளம் கேக் எல்லாச் சாதியும் எல்லா மதமும் வாங்குகிறது. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. 2022 ஜனவரியில் இந்த ஊருக்கு அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மலைக்கு 108 வண்டி போகிறது. ஆனாலும் வண்டி ஏற முடியாத ஊர்களிலிருந்து இன்னும் தூளியில் தூக்கி வருகிறார்கள் என்ற செய்தியைப் படித்தால் அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்காது. 1969இல் மன்னித்துவிடலாம். இன்று எப்படி மன்னிப்பது?

ஊர் திரும்பியதிலிருந்து 24ஆம் தேதி இரவு எனக்கு ஒரே வேலைதான். சப்பாத்தியும் குருமாவும் ஒரு தூக்கில் பால்கஞ்சியும் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாசலில் செக்யூரிட்டி தம்பிக்கு என்னைத் தெரியும். "வாங்கம்மா, கஞ்சி நாள் வந்துடுச்சா" என்பார். 2024 ஜூனில் இங்கே கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள் அல்லவா, அந்த வருஷம் டிசம்பரில் போனபோது ஒருத்தரும் பண்டிகை பற்றிப் பேசவில்லை. அந்த ஜூன் ராத்திரியில் கட்டில் கட்டிலாக ஓடியதைத்தான் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன்.

போன வருஷம் இருந்தது ஒரு சின்னப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். "உனக்கு எந்த ஊரும்மா?" என்றேன். வெள்ளிமலை தாண்டி என்று சொல்லி ஒரு ஊர்ப் பேர் சொன்னாள். அவள் ஊரிலிருந்து நர்ஸ் படித்த முதல் பெண் அவள்தானாம். மலை ஏறிப் போக லீவு கிடைக்கவில்லை, வரும் பொங்கலுக்கும் டியூட்டிதான் என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். நான் பனி என்று நினைக்கவில்லை.

"சாப்புடு கண்ணு, ஆறிடப்போவுது."

"இது என்னம்மா, வெள்ளையா? சர்க்கரை மேல தூவியிருக்கீங்க?"

"உள்ள ஒரு மல்லாட்டை இருக்கு. வந்தா சொல்லாத. வாயில அதக்கிக்க."

அவள் சிரித்துக்கொண்டே இரண்டாவது கரண்டி எடுத்தாள். உள்ளே ஏழாம் கட்டிலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். அவள் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி பதினொன்றரை. மல்லாட்டை இன்னும் அதற்குள்தான் இருந்தது.